தண்ணீர் வீடு

இறங்க வேண்டாம், தம்பி. இருங்கள். பஸ் பழுதாகி நிற்கவில்லை. முன்னால் றோட்டுக்குக் குறுக்கே கம்பத்தை இறக்கியிருக்கிறார்கள், சிவப்பு வெளிச்சம் தெரிகிறதல்லவா? மலையில் பனிக்காற்று அடித்தால் இப்படித்தான் மறித்துவிடுவார்கள். பனி தள்ளுகிற வண்டி அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும். வந்தபிறகு எல்லா வாகனமும் அதற்குப் பின்னால் வரிசையாகப் போகவேண்டும். எப்போது வரும் என்று சாரதிக்கும் தெரியாது. விமானம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். இந்தப் பஸ்ஸில் இருப்பவர்கள் போகாவிட்டால் அதில் ஏற ஆளில்லை. அது நிற்கும்.

தமிழ்தானே? நீங்கள் ஏறும்போதே நினைத்தேன். தம்பி என்கிறேன், உங்களுக்கும் நரை விழுந்திருக்கிறது, பரவாயில்லை. சல்மன் மீன் பண்ணைக்குக் கமரா பூட்டவா வந்தீர்கள்? ஒஸ்லோவிலிருந்தா? நானும் ஒஸ்லோவுக்குத்தான்.

சற்குணநாதன் என்று பெயர். இங்கே எல்லாருக்கும் சற்கு. நோர்வேயின் இந்த முனைக்கு வந்து முப்பது வருடம் இருக்கும். அப்போது இந்த ஊரில் தமிழ்ச் சனம் ஒரு பள்ளிக்கூடம் வைக்கிற அளவுக்கு இருந்தது. மீன் தொழிற்சாலையில் ஒரு பக்கம் முழுக்க நாங்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். தொழிற்சாலையும் பூட்டுப்பட்டது. நான் போகவில்லை. துறைமுகத்துக் குளிர்க் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது, இருந்துவிட்டேன். இப்போது ஊரில் தமிழ் கதைக்க நான் ஒருவன்தான். அதனால்தான் இப்படிக் கதைக்கிறேன் என்று நினைக்கிறேன். சாதாரணமாக நான் அதிகம் கதைக்கிற ஆளில்லை. மலரைக் கேட்டால் சொல்லுவாள்.

மலர் என் மனைவி. தவமலர். ஒஸ்லோவில் மகளோடு இருக்கிறாள். மகளுக்குப் பிள்ளை பிறந்தது, அந்த உதவிக்குப் போனாள். பிள்ளை தலை நிமிர்த்தட்டும், வாறன் என்றாள். பிறகு பல் முளைக்கட்டும் என்றாள். பிள்ளை இப்போது நடக்கிறது என்று மகள் படம் அனுப்பியிருந்தாள். பிள்ளைகள் என்றால் அப்படித்தான், ஒன்று முடிய ஒன்று வரும்.

சரி, உங்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். நீங்கள் பொதுவான ஆள், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நாங்கள் சைவக்காரர். ஆனாலும் சேர்ச்சுக்குப் போய்வருவோம். இந்த ஊரில் வேறு எங்கே போவது? இயேசு பிறந்த நத்தாருக்கு முந்தின நாலு ஞாயிறும் இவர்களுக்கு ஆயத்தக் காலம். நாலு மெழுகுதிரி வைத்து ஞாயிறுக்கு ஒன்றாகக் கொளுத்துவார்கள். இரண்டாவது மெழுகுதிரி கொளுத்துகிற கிழமை, சனிக்கிழமை மத்தியானம், சேர்ச் மண்டபத்தில் ஊருக்கே சாப்பாடு. லூத்தபிஸ்க். நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களோ தெரியாது. மரச் சட்டத்தில் தொங்கவிட்டு, உப்பில்லாமல், காற்றிலேயே காய்ந்த மீன். விறகு மாதிரி இருக்கும். அதை முதலில் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போடவேண்டும். பிறகு சவர்க்காரம் காய்ச்சுகிற காரம் கலந்த தண்ணீரில். பிறகு அந்தக் காரம் போகும்வரைக்கும் திரும்பவும் நல்ல தண்ணீரில், மாற்றி மாற்றி. கடைசியில் அந்த விறகு வெள்ளைவெளேரென்று, கண்ணாடி மாதிரி, அசைந்துகொண்டு வரும். அவித்த கிழங்கு, பச்சைப் பட்டாணிக் களி, உருக்கின பன்றிக் கொழுப்பு. இதுதான் சாப்பாடு. உறைப்பு என்பது பக்கத்திலும் வராது.

மற்ற ஊர்களில் ஊறின மீனைக் கடையில் வாங்குவார்கள். இந்த ஊரில் அது வெட்கம். ஒவ்வொரு வருடமும் ஒரு குடும்பம் பொறுப்பெடுத்துத் தங்கள் வீட்டில் ஊறப்போடும். அந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர் வீடு என்று பெயர். சாப்பாட்டன்று, சமைக்கிற குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, இரண்டு கதிரை. தண்ணீர் வீட்டார் அதில் இருந்து, எல்லாரும் உண்டு முடித்தபிறகு கடைசியாகத்தான் சாப்பிடுவார்கள். போகிறவர்கள் எல்லாரும் அந்த மேசையில் ஒரு தரம் தட்டிவிட்டுப் போவார்கள். நன்றி என்று அர்த்தம்.

கனகாலமாகத் தண்ணீர் வீடு எங்கள் வீடுதான். ஒரு வருடம் ஆளில்லாமல் மலர் பொறுப்பெடுத்தாள், பிறகு இவர்கள் வேறு யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் தன் பாட்டன் சாப்பாட்டை ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில் ஊறப்போடக் கொடுத்தான். சின்ன விஷயமா? நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்துதான் செய்தோம். அதாவது தண்ணீர் மாற்றுவதெல்லாம் மலர். தண்ணீர் மாற்றுவதில் என்ன இருக்கிறது? நான் மேற்பார்வை.

சாப்பாடு முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது மலர் வழி நீளம் கதைத்துக்கொண்டு வருவாள். யார் இரண்டாந்தரம் வாங்கினது, யார் சாப்பாட்டுக் கோப்பையில் மிச்சம் விட்டது, எந்தக் கிழவி என்ன சொன்னது. கடைசியில் கேட்பாள், "உங்களுக்கு எப்பிடி இருந்தது? சொல்லுங்கோவன்."

"உப்புக் காணாது" என்பேன்.

எல்லா வருடமும் உண்மையிலேயே உப்புக் குறைவுதான், தம்பி. மண்டபத்தில் நூறுபேர் புகழ்கிறார்கள். வீட்டில் ஒரு ஆளாவது உள்ளதைச் சொல்லவேண்டும் அல்லவா? ஒரு வருடம் அவள் கேட்கவில்லை. கேளாமலே வந்தாள். நானாகவே சொன்னேன், உப்புக் காணாது என்று. "ஓம்" என்றாள். அவ்வளவுதான்.

இந்த வருடம் இலையுதிர் காலத்தில் கூட்டம் வைத்தார்கள். நான் எழும்பிச் சொன்னேன், தண்ணீர் வீடு எங்கள் வீடுதான் என்று.  சேர்ச் குசினிக்குப் பொறுப்பு சோல்வெய்க் என்ற மனிசி, முந்திப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். அவள்தான் மெதுவாகக் கேட்டாள்.

"மலர் இல்லாமலா, சற்கு?"

"மலர் வந்துவிடுவாள். சாப்பாட்டுக்கு முந்தியே வந்துவிடுவாள்."

ஓட்வார் என்று ஒரு கிழவன், எங்கள் முன்வீட்டுக்காரன். படகோட்டி, பெண்சாதியை இழந்தவன். வாயைச் சும்மா வைத்திருக்கமாட்டான். "வாளி தூக்க முதுகு வேண்டுமே. உன்னிடம் இருக்கிறதா?" என்றான்.

"மலரிடம் மட்டும் இருந்ததா?"

"இருந்ததே. நான் ஜன்னலால் பார்க்கிறவன். முதுகு அவளுடையது. ஜன்னலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றது நீ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தூக்கியிருக்கிறேன். அதை அங்கே சொல்லி என்ன பயன்.

மீன் வந்தது. நிலவறையில் பழைய குளியல் தொட்டி ஒன்று இருக்கிறது, அதில்தான் போடுவது. காரத்தில் எவ்வளவு நேரம் விடுவது என்று கேட்க மலருக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. மகள் அபிராவுக்கு எடுத்தேன்.

"அம்மா நித்திரை, அப்பா."

"பகலிலயோ?"

"இரவு வேலையெல்லோ."

"என்ன வேலை?"

"முதியோர் இல்லத்தில. அம்மா உங்களுக்குச் சொன்னவா, அப்பா."

சொல்லியிருப்பாள். நான் அப்போது செய்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். நான் அபிராவிடம் விளக்கமாகச் சொன்னேன், இரண்டாவது மெழுகுதிரிக் கிழமை கொம்மா இங்கே நிற்கவேண்டும், தண்ணீர் வீடு எங்கட வீடு, ஒரு கதிரை காலியாகக் கிடந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று. "சொல்லுறன், அப்பா" என்றாள். நல்ல பிள்ளை. எதிர்த்துக் கதைக்கமாட்டாள்.

காரத்தின் அளவை நானே யோசித்துப் போட்டேன். தண்ணீரும் மாற்றினேன். நம்பமாட்டீர்கள், அந்த நாட்களில் எனக்கு ஒரு மாதிரி நன்றாக இருந்தது. வேலையால் வந்தால் வீட்டில் ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது. நான் இப்போது படுப்பதும் நிலவறையில்தான். மேலே வீடு பெரிது, ஒரு ஆளுக்கு எதற்கு அவ்வளவு? ஒரு கட்டிலைக் கீழே இறக்கி, ஹீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன். படுக்கும்போது தொட்டியில் மீன் ஊறி வீங்குகிற சத்தம் மெல்லிசாகக் கேட்கும். இன்னொரு ஆள் மூச்சு விடுகிற மாதிரி. நான் அதோடு இரண்டொரு வார்த்தை கதைத்தும் இருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

அந்தச் சனி வந்தது. மலர் வரவில்லை. விமானம் காற்றுக்கு நின்றிருக்கும் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் விமானம் வந்துதான் இருந்தது. மீன் கொஞ்சம் இளகித்தான் இருந்தது, அவிய இறுகும் என்று அள்ளி மூடி போட்ட சின்னத் தொட்டியில் போட்டு, சறுக்கு வண்டிலில் இழுத்துக்கொண்டு போய்க் குசினியில் கொடுத்தேன். சோல்வெய்க் மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். "நன்றி, சற்கு. நீ போய் உன் இடத்தில் இரு" என்றாள்.

மண்டபம் நிறைந்த சனம். நான் சின்ன மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை வைத்து, இரண்டு பக்கமும் கரண்டி வைத்து, மலருடைய கதிரையில் என் மேலங்கியைப் போட்டுவிட்டு இருந்தேன். கடைசி நேரத்தில்கூட ஒரு ஆள் வரலாம். ஓட்வார் வந்தான். மேலங்கியை எடுத்தான், வடிவாக மடித்து ஜன்னலில் வைத்தான், கதிரையில் இருந்துவிட்டான்.

"அது மலருடைய கதிரை" என்றேன்.

"தெரியும். அவள் வந்தால் எழும்புகிறேன்."

"உனக்கு அங்கே இடமில்லையா?"

"இங்கே சூடு நல்லது" என்றான்.

என்ன ஆள் பாருங்கள்.  சபை நடுவில் சண்டை போடவா? இருந்தேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். மீன் துண்டு துண்டாக, உடையாமல், இதழ் இதழாக வந்திருந்தது. மலர் செய்கிறபோதுகூட அப்படி வந்ததில்லை. பெண் பாதிரியார் எழும்பித் தண்ணீர் வீட்டுக்கு நன்றி என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பி நாலு வசனம் கதைத்தேன். மீன் என்பது பொறுமை என்று சொன்னேன். காரத்தின் அளவில்தான் எல்லாம் இருக்கிறது என்றும் சொன்னேன். மலர் அடுத்த கிழமை வந்துவிடுவாள், அவளுடைய நன்றியையும் சேர்த்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். கை தட்டினார்கள். ஓட்வாரும் தட்டினான். கோப்பையைப் பார்த்துக்கொண்டு தட்டினான்.

பிறகு எங்கள் முறை. ஒரு துண்டு வாயில் வைத்தேன். தம்பி, உப்பு அளவாக இருந்தது.

இன்னொரு துண்டு எடுக்கக் குசினிக்குப் போனேன். பின்கதவுக்குப் பக்கத்தில் என் தொட்டி. மூடியைத் தூக்கினேன். உள்ளே கஞ்சி. வெள்ளைக் கஞ்சி. ஒருவரும் தொடவில்லை. சோல்வெய்க் கழுவிக்கொண்டு நின்றாள்.

"இது என்னுடைய மீன்."

"ஓம்."

"அப்படியென்றால் அங்கே சாப்பிட்டது?"

"ஓட்வாருடையது. தன் படகுக் கொட்டிலில் ஊறப்போட்டான்."

"யாரைக் கேட்டு?"

அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். "மலரைக் கேட்டு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. மலர் எப்போது சொன்னாள் என்று கேட்டேன். மலர் ஒவ்வொரு ஞாயிறும் இவளுக்குப் போன் எடுப்பாளாம், இருவரும் கோப்பி குடித்துக்கொண்டு கதைப்பார்களாம், ஆள் அங்கே, இவள் இங்கே. கூட்டம் முடிந்த கிழமை சொன்னாளாம்: "சற்கு மீன் கொண்டுவருவார். அது சரிவராது. வேண்டாம் என்று சொல்லாதேயுங்கள், வாங்கி வையுங்கள். ஆனால் வேறு ஒரு ஆளையும் ஊறப்போடச் சொல்லுங்கள்." ஓட்வாருக்கு நாளுக்கு நாள் என்ன செய்வதென்று போனில் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். உப்பு உட்பட.

அப்போதுதான் கதிரை விஷயம் விளங்கியது. தண்ணீர் வீடு ஓட்வார் வீடு. அவனுக்கு அந்த மேசையில் உரிமை இருந்தது. நான்தான் அவனுக்கு முன்னால் இருந்து காரத்தின் அளவைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். சொல்லியிருக்கலாம் அல்லவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நூறுபேர் கை தட்டினார்கள், அதில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? எல்லாருக்கும் தெரிந்திருக்கும். சின்ன ஊர்.

சோல்வெய்க் கேட்டாள், "நிலவறையில் சூடு வைத்தாயா? இந்த மீனுக்குக் குளிர் வேண்டும், சற்கு. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கவேண்டும். அது உனக்குத் தெரியுந்தானே?"

"சூடு இல்லாமல் நான் எப்படிப் படுப்பது?"

"நீ அங்கேயா படுக்கிறாய்?"

"மேலே பெரிது."

அவள் துணியால் கையைத் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே நின்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு மீன் பழுதாய்ப்போனால் யாருக்கும் கோபம் வரும். பிறகு, ஞாயிற்றுக்கிழமை கோப்பி குடிக்க வா என்றாள். நான் வரவில்லை என்றேன். அவர்கள் இரண்டுபேரும் கதைக்கிற நேரத்தில் நான் எதற்கு?

திரும்பி மண்டபத்துக்கு வந்தால், சனம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக அந்தச் சின்ன மேசையில் தட்டிவிட்டுப் போனார்கள். ஓட்வார் இன்னும் அங்கேயே இருந்தான். என் கோப்பையில் சூடாக ஒரு துண்டு போட்டு, மேலே இன்னொரு கோப்பையால் மூடி வைத்திருந்தான்.

"இரு, சாப்பிடு. ஆறிப்போகும்" என்றான்.

நான் மேலங்கியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதுதான் விஷயம். நீங்களே தீருங்கள். அவர்கள் செய்தது சரியா? நான் ஒரு கிழமையாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கே பிழை விட்டேன்? காரம் கூடிவிட்டதா? தொட்டி ஒத்துக்கொள்ளவில்லையா? சூடு என்று சோல்வெய்க் சொன்னாள், சரி, சூடு என்றே வைத்துக்கொள்வோம். அதை மலர் எனக்கல்லவா சொல்லியிருக்கவேண்டும்? ஓட்வாருக்கு நாளுக்கு நாள் சொல்ல நேரம் இருந்திருக்கிறது. அவனுக்கு வயது எண்பதுக்குக் கிட்ட. போனைக் காதில் சரியாகப் பிடிக்கவும் தெரியாதவன்.

ஆனால் ஒன்று இருக்கிறது. அதைத்தான் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். 'வேண்டாம் என்று சொல்லாதேயுங்கள், வாங்கி வையுங்கள்.' அப்படிச் சொல்லியிருக்கிறாள். நான் கொண்டுவருவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முகம் விழக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். ஒரு பெண் அப்படி நினைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டுதான் நான் இன்றைக்கு விமான ரிக்கெற் எடுத்திருக்கிறேன். போய்க் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன். நத்தாருக்கு முன்னம். வருகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது காரணம் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல், வேலை மாற்றம் என்று.

வீட்டிலிருந்து புறப்படும்போது அந்த வசனம் உறுதியாகத்தான் இருந்தது. இப்போது உங்களுக்குச் சொல்லிக் கேட்கும்போது வேறு மாதிரிக் கேட்கிறது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் இப்படிக் கதைப்பார்கள் அல்லவா? 'கிழவர் என்ன தந்தாலும் வேண்டாம் என்று சொல்லாதேயுங்கள், வாங்கி வையுங்கள்.' நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள்.

அங்கே பாருங்கள், தூரத்தில் மஞ்சள் வெளிச்சம் சுற்றுகிறது. பனி வண்டிதான். வந்து திரும்ப இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். கம்பத்தைத் தூக்கினால் பிறகு இந்தப் பஸ் நில்லாது, திரும்பவும் முடியாது.

தம்பி, ஒரு உதவி. உங்கள் போனிலிருந்து ஒரு நம்பருக்கு எடுக்கமுடியுமா? என்னுடையதிலிருந்து போனால் அவளுக்குக் கேட்பதில்லை, அந்தப் பக்கம் ஏதோ கோளாறு. நான் கதைக்கப்போவதில்லை. நீங்களும் ஒன்றும் சொல்லவேண்டாம். குரலை ஒருக்கால் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும், போகலாமா இல்லையா என்று. நம்பரைச் சொல்கிறேன், அழுத்துங்கள். சத்தத்தைத் திறந்துவிடுங்கள், எனக்கும் கேட்கட்டும்.

மணி போகிறது.

பின்னால் ஆட்கள் கதைக்கிற சத்தம். பாத்திரச் சத்தம். யாரோ சிரிக்கிறார்கள், நல்ல பெலமாகச் சிரிக்கிறார்கள். அபிராவாக இருக்கும்.

இல்லை. அபிரா இல்லை. மலர்தான். போனை எடுத்தது அவள்தான், சிரித்து முடியவில்லை. பொறுங்கோ, பொறுங்கோ, ஹலோ, ஆர் கதைக்கிறது என்கிறாள். எனக்கு முதலில் பிடிபடவில்லை, தம்பி. அவள் சிரிக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

வைக்க வேண்டாம். திரும்பக் கேட்கிறாள். பிழையான நம்பர் என்று சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள். கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லுங்கள், அவசரமில்லை.